ரிசாலும் நண்பர்களும் தேசியவாதிகளா?

கேள்வி: 1889இல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘லா சோலிடாரிடாட்’ இதழ், அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸுக்கு ஸ்பானிய நாடாளுமன்றத்தில் இடம் கேட்டதே தவிர விடுதலை கேட்கவில்லை, அப்படியிருக்க, அதில் எழுதிய பிலிப்பினோ நாவலாசிரியர் ஹோசே ரிசால் முதலானவர்களைத் தேசியவாதிகள் என்பது பொருந்துமா?

மறுமொழி 1: பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஏனெனில் அவர்கள் முதலில் குறிவைத்தது ஊர்தோறும் ஆட்சி செலுத்திய ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவியர் சபைகளை. அந்த இதழின் ஆசிரியராக இருந்த டெல் பிலார் ஜெபங்களையே உள்நாட்டுத் தகாலோக் மொழியில் பகடியாக்கினார். ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’ என்பது அவர் கையில் ‘மடத்தில் இருக்கிற எங்கள் மாற்றாந்தந்தையே’ என்று ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடமான வடிவம் அது!

மறுமொழி 2: ரிசாலைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1872இல் ஸ்பானிய அரசால் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட மூன்று பிலிப்பினோ குருக்களுக்கு அவர் 1891இல் தம் இரண்டாம் நாவலைக் காணிக்கையாக்கியது வெறும் மனுதாரரின் செயலன்று.

கேட்டவர்: நன்றி. 1892 ஜூலையில் ரிசால் தெற்குப் பிலிப்பைன்ஸின் தபிதான் ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டபோதே, போனிஃபாசியோ என்பவர் விடுதலைக்கான இரகசியச் சங்கமான கட்டிபுனானைத் தொடங்கியது ஏன் என்பது இப்போது விளங்குகிறது.