பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் 80 ஜீப் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள் குடியிருக்கிறோம். மழை பெய்தால் செம்மண் சாலை முழுக்கச் சேறு. எங்கள் சின்னக் கார் அடி தட்டி நின்றுவிடுகிறது. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒருநாளும் தவறக்கூடாது.

சாலையில் கல் கொட்டும்படி நிர்வாகத்திடம் கேட்டாகிவிட்டது, பலனில்லை. டயர் மாற்றினோம். பக்கத்து வீட்டு அண்ணனின் ஹைலக்ஸ் பிக்கப்பை எத்தனை நாள்தான் இரவல் கேட்பது?

இப்போது விலைக்கு வந்திருப்பது 1996 லேண்ட் குரூசர் 80, 1எச்இசட் எனும் 4.2 லிட்டர் டீசல் இன்ஜின், மேனுவல் கியர். ஓட்டிப் பார்த்தேன். சேற்றில் அப்படி ஒரு நிதானம்! டீசல் பம்ப் எலெக்ட்ரானிக் இல்லை, மெக்கானிக்கல் என்பதால் நம் ஊர் வொர்க்‌ஷாப்பிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் பின் சேசிஸில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ரோட் டேக்ஸ் இன்ஜின் சிசி கணக்கு, 4,164 சிசிக்குக் கையைக் கடிக்கும். 2024 ஜூன் 10இல் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனதிலிருந்து எண்ணெய்ச் செலவும் பயமுறுத்துகிறது. அப்புறம் அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த உயரத்துக்கு ஏற ஆள் பிடித்துவிட வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

4.2 டீசலைத் தினமும் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: இதையே வாங்கலாமா, இல்லை 2.4 லிட்டர் ஹைலக்ஸ் போதுமா?