மறுமொழி: கால்டரின் 'மொபைல்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்த, கம்பிகளில் கோத்த தகடுகள் ஆடுகிற 'மொபைல்' வகைச் சிற்பத்துக்குத் தமிழ்ச்சொல் என்ன என்பதுதான் கேள்வி.

'தொங்குசிற்பம்' என்று முன்மொழிந்த நண்பரின் காரணம் புரிகிறது. கால்டர் என்றாலே கூரையிலிருந்து தொங்கும் கம்பிகளும் தகடுகளும்தான் கண்ணுக்கு வரும். ஆனால் அடிப்பாகம் தரையில் ஊன்றி நிற்க, உச்சியில் மட்டும் தகடுகள் ஆடுகிற வகையையும் அவர் செய்திருக்கிறார். அதுவும் மொபைல்தான். தொங்குவது மட்டும் அதன் அடையாளம் ஆகாது; சரவிளக்கும் தொங்கத்தான் செய்கிறது.

'இயங்குசிற்பம்' நல்ல சொல். ஆனால் அதை அசைவுள்ள எல்லாச் சிற்பங்களுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். 1931-இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் அவருடைய சிற்பங்களுக்கு 'மொபைல்' என்று பெயரிட்டபோது, கால்டர் மோட்டாராலும் கைப்பிடியாலும் இயங்குபவற்றைச் செய்துகொண்டிருந்தார். மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். அவர் பிறகு காற்றின் பக்கம் போனார். இன்று மொபைல் என்றால் நாம் நினைப்பது அந்தக் காற்றாடும் வடிவத்தைத்தான்.

அது ஆடும் விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கால்டர் இயந்திரப் பொறியியல் படித்தவர். கடைசி நுனியிலுள்ள சின்னத் தகட்டில் தொடங்குவார். ஒரு கம்பியின் இரு முனைகளிலும் எடை மாட்டி, சமன்படும் இடத்தில் வளையம் போட்டு, அந்த முழுத் தொகுதியையும் அடுத்த கம்பியின் ஒரு முனையில் தொங்கவிடுவார். இப்படியே கீழிருந்து மேலே போகும். ஒவ்வொரு கம்பியும் ஒரு துலாக்கோல். அதனால் ஒரு கிளை திரும்பினாலும் மற்றவை தம் போக்கில் திரும்பலாம். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் இருக்கும் அவருடைய மொபைல் ஏறத்தாழ 420 கிலோ. அதுவும் காற்றோட்டத்தில் மெல்லத் திரும்புகிறது. மொபைலுக்கு 'ஊசல்' என்ற சொல்லை நான் ஏற்காததும் இதனால்தான்: ஊசலுக்கு ஒரே தடம், ஒரே கால அளவு.

என் பரிந்துரை: அசைசிற்பம்.

வினைத்தொகை என்பதால் அசைந்த, அசைகிற, அசையும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இன்னொரு வசதியும் இருக்கிறது. கால்டரின் நகராத சிற்பங்களுக்குச் சிற்பி ழான் ஆர்ப் 1932-இல் 'ஸ்டேபைல்' என்று பெயர் வைத்தார். அது 'மொபைல்' என்ற பெயருக்கு எதிர்ப்பதமாகவே பிறந்தது. 'நிலைச்சிற்பம்' என்றால் கோயில் தூணிலுள்ளதும் அதுதான் என்று ஆகிவிடும். 'அசையாச்சிற்பம்' என்றால் அந்த எதிர்ப்பதம் அப்படியே நிற்கும். அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பத்திரங்களில் எழுதிப் பழகியவர்கள்தானே நாம், காதுக்குப் புதிதாக இருக்காது.

கிளைச்சொற்களும் எளிதாக வரும்: தொங்கு அசைசிற்பம், தரை அசைசிற்பம், சுவர் அசைசிற்பம். தொட்டிலுக்கு மேல் கட்டுகிற விளையாட்டுப் பொருளை 'அசைபொம்மை' என்று தனியே வைக்கலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பவர் கவனத்துக்கு: வினைத்தொகையில் ஒற்று மிகாது. 'அசைச்சிற்பம்' என்று எழுதினால் யாப்பில் வரும் அசை என்று பொருள் மாறிவிடும். அசையாச்சிற்பத்தில் மட்டும் 'ச்' வரட்டும்.