ஏற்காடு வீடு: கீழ் ரூம் ஒயரிங்

கவிதா: மாமா, படிக்கட்டு லைட்டைப் போட்டாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) டிரிப் ஆவுது. மத்ததெல்லாம் நல்லாத்தான் எரியுது. ஆர்சிசிபியைத் தூக்கிட்டு நேரா குடுத்துடலாம்னு ஒயர்மேன் சொல்றாரு.

பெரிய மாமா: தொட விடாதம்மா!!

சரவணன் சித்தப்பா: அந்த ஒரு லைட்டுக்கு மட்டும்னா ஈரம் இல்ல, நியூட்ரல் (கரண்ட் திரும்புற ஒயர்) மாறியிருக்கு. மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி ஆர்சிசிபியா?

கவிதா: ஆமா சித்தப்பா

சரவணன் சித்தப்பா: அப்ப அதேதான். பேஸை (கரண்ட் வர்ற ஒயர்) மேல் போர்டுல எடுத்து, நியூட்ரலைக் கீழ் போர்டுல மாட்டியிருப்பாங்க. மேலயும் கீழயும் இருந்து போடுற டூ வே சுவிட்ச்ல ஒயர் மிச்சம் புடிக்கப் பண்றது. போன கரண்ட் அதே ஆர்சிசிபி வழியா திரும்பல, அதைக் கசிவுன்னு எடுத்துக்கிட்டு வெட்டுது. 9 வாட் எல்இடி பல்பே கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர் இழுக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டுற ஆர்சிசிபி எப்படி நிக்கும்?

சரவணன் சித்தப்பா: பேஸும் நியூட்ரலும் ஒரே போர்டுல இருந்து வரணும். பேஸ் மேல் சுவிட்ச் காமன்ல (பொது முனை), ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல 2 ஒயர், கீழ் சுவிட்ச் காமன்ல இருந்து பல்பு. நியூட்ரல் நேரா பல்புக்கு.

மீனா அத்தை: மிளகு மூட்டை பக்கத்துல பிளக் ஒண்ணு வேணும், மோட்டாருக்கு இன்னொண்ணு

பெரிய மாமா: மலைப்பக்கச் சுவர் வேண்டாம் மீனா, ஐப்பசி மழைக்கு ஊறிடும். உள் சுவத்துல 4 அடி உயரத்துல வை. சுவத்தை வெட்டாம வெளிய பிவிசி பைப். பைப்பைப் போர்டுக்குக் கீழ இருந்து ஏத்தணும். மேல இருந்து இறக்கினா பைப்புக்குள்ள வேர்க்கிற தண்ணி நேரா சாக்கெட்டுல வடியும்.

கவிதா: ஒயர் என்ன சைஸ்? சேலம் செவ்வாய்ப்பேட்டையில வாங்கிடறேன்

சரவணன் சித்தப்பா: லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், எம்சிபி (கரண்ட் அளவு மீறினா வெட்டுற சுவிட்ச்) 6 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, எர்த்தும் 2.5 பச்சை, எம்சிபி 16. எம்சிபி அடிக்கடி விழுதுன்னு 32 மாட்டினா எம்சிபி நிக்கும், ஒயர் உருகும்.

பெரிய மாமா: சாக்கெட்டை முன்னாடி நின்னு பாரு. மேல பெரிய ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் பேஸைத்தான் வெட்டணும். நியூட்ரலை வெட்டினாலும் லைட் அணையும், ஆனா ஹோல்டர்ல பேஸ் நிக்கும். பல்பு மாத்தறவன் கதி?

கவிதா: முடிஞ்சதும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன் அமுக்கிப் பாத்தா போதுமா?

சரவணன் சித்தப்பா: போதாது. எர்த் ஒயரே இல்லாட்டியும் அந்தப் பட்டன் டிரிப் பண்ணும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை விட்டு எர்த்தைத் தனியா பாக்கச் சொல்லு. பல்பு மாட்டறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெக்கர் (ஒயர் இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) வெச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாக்கணும், 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா சப்ளை குடுக்க வேண்டாம்.