ஆர்வோ பேர்ட்: கமகமே (சுர அசைவே) இல்லாத இசையை எதைப் பிடித்துக் கேட்பது?

அரசலாறு (கும்பகோணம்)
எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசையை எங்கள் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போட்டுக் கேட்க உத்தேசம். வருபவர்கள் எல்லோரும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின் தெரிந்தவர்கள். வயலினுக்கும் பியானோவுக்குமான அவருடைய ‘ஷ்பீகல் இம் ஷ்பீகல்’ கேட்ட சிலர், “சங்கராபரண ராகம்தான், ஆனால் சரளி வரிசையை (ஆரம்பப் பாடத்தை) தாண்டவே இல்லையே” என்கிறார்கள். எதில் தொடங்கலாம்? எதைக் கவனிக்கச் சொல்லலாம்? வயலினும் கீபோர்டும் வைத்து ‘ஷ்பீக’லை நாமே வாசித்துக் காட்ட முடியுமா?

குடமுருட்டி (திருவையாறு)
ராகம் தேடினால் ஏமாற்றம்தான் வரும். அவர்கள் சரளி வரிசை என்றது குறையே இல்லை, கிட்டத்தட்ட உண்மை.

பேர்ட் 1935இல் பிறந்தவர். எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். தொடக்க காலத்தில் பன்னிரு சுர முறையிலும் (ஆதார சுரம் என்று ஒன்றை வைக்காமல் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்துவது) எழுதினார். 1968இல் ‘கிரெடோ’ என்ற படைப்பு சோவியத் அதிகாரத்தோடு உரசலை உண்டாக்கியது. அதன்பின் எட்டு ஆண்டு, இடையில் ஒரு சிம்பொனி தவிர, பெரும்பாலும் மௌனம். பழைய தேவாலயப் பாட்டு முறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் ‘ஃபூர் அலீனா’ என்ற இரண்டு பக்கப் பியானோத் துண்டோடு வெளியே வந்த முறைக்கு ‘டின்டினாபுலி’ என்று பெயர். லத்தீனில் சிறு மணிகள்.

அந்த முறை இரண்டு குரல்தான். ஒன்று அடுத்தடுத்த சுரங்களில் ஏறி இறங்கும். மற்றொன்று ஆதார சுரத்தின் ச, க, ப மூன்றைத் தவிர வேறெதையும் தொடாது. விளக்குவதைவிடப் பாட வைத்துவிடுங்கள். நடபைரவி ராகத்தில் முதல் சரளி, ஒரு சுரத்துக்கு நான்கு எண்ணிக்கை, அசைவில்லாமல்:

முதல் குரல்: ச ரி க ம ப த நி ச
இரண்டாம் குரல்: க க ப ப ச ச ச க (ஐந்தாவதிலிருந்து மேல் ஸ்தாயி)

முதல் குரலுக்கு நேர் மேலே உள்ள ச-க-ப சுரம் எதுவோ, அதுதான் இரண்டாம் குரல். ரி-யும் க-வும் சேரும்போது அரைச்சுர உரசல் வரும். பேர்ட்டின் ருசியே அந்த உரசலில் இருக்கிறது. இரண்டாம் குரல்காரர் பழக்கதோஷத்தில் காந்தாரத்தை (க) அசைத்தால் உரசல் கரைந்து, வெறும் சுருதி பிசகாகக் கேட்கும். அசைக்காமல் பாடுவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. மேற்கத்திய மெட்டில் அமைந்த தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களைப் பாடும் அதே தொண்டை போதும்.

‘ஃபூர் அலீனா’வில் தொடங்குங்கள். சொற்கட்டு (ஒரு தொடராக வரும் சுரக் கூட்டம்) ஒவ்வொரு சுரமாக நீண்டு, நடுவில் பெருத்து, மறுபடி ஒவ்வொன்றாகக் குறையும். மிருதங்க யதி என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரியும். இடது கை முழுக்க ச, க, ப. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ரி. சுரத்தாளில் அந்த இடத்தில் பேர்ட் ஒரு பூ வரைந்திருக்கிறார். 1999இல் வந்த ‘அலீனா’ இசைத்தட்டைப் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதில் பியானோ கலைஞர் விரித்து வாசிப்பதால் பத்து நிமிடம் ஓடும், யதி கண்ணுக்குத் தெரியாது. முதல் முறைக்கு இரண்டு மூன்று நிமிடப் பதிவே சரி.

வெண்ணாறு (தஞ்சாவூர்)
குடமுருட்டி சொன்னதோடு பேர்ட்டின் ‘கான்டுஸ்’ சேர வேண்டும். பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1976 டிசம்பரில் மறைந்ததற்கு 1977இல் எழுதிய அஞ்சலி. தந்தி வாத்தியக் குழுவும் ஒரே ஒரு மணியும்.

நடபைரவி அவரோகணம்தான் (இறங்கு வரிசைதான்) முழுப் பாடமும்: ச, பிறகு ச நி, பிறகு ச நி த என்று நீளும். இதையே முதல் வயலின்கள் ஒரு காலத்தில் வாசிக்க, இரண்டாம் வயலின்கள் அதில் பாதி வேகம், வியோலா கால், செல்லோ அரைக்கால், பெரிய பாஸ் வீசம். பல்லவியில் திரிகாலம் (மூன்று வேகம்) ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே ஐந்து காலமும் ஒரே நேரத்தில். தன் கடைசி சுரத்தை எட்டிய குரல் அங்கேயே நின்றுவிடும்.

முடிவில் எல்லாத் தந்திகளும் உரக்க நிற்கும்போது மணியை மெல்லத் தட்டுவார்கள். அப்போது அது காதில் விழாது. தந்திகள் சட்டென நின்றதும் மணியின் ஓசை மட்டும் மிதக்கும், அதன் உபசுரங்களில் (கூடவே எழும் மேல் ஒலிகளில்) அந்தர காந்தாரம் கேட்கும். ஆறேழு நிமிடம் அதைவிட அரைச்சுரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்திலேயே இருந்துவிட்டு இது! ஜீவாளி நூல் (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக உட்கார்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழும்புமே, அதே சங்கதி. தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்றைக் கொண்டுபோய் முதலில் அந்தக் காந்தாரத்தைக் காட்டிவிட்டு ‘கான்டுஸ்’ போடுங்கள்.

தவறு நடக்கும் இடம் ஒலி அளவு. ஆரம்பம் மௌனம், பிறகு கேட்டும் கேளாத சத்தம். அதை வைத்து அளவைக் கூட்டினால் கடைசியில் ஸ்பீக்கர் அலறும், அவசரமாகக் குறைத்தால் மணி போச்சு. கடைசி நிமிடத்தை முன்பே ஓட்டி அளவை வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். தானாக ஒலியைச் சமன் செய்யும் வசதியை அணைக்கவும். மின்விசிறியையும்தான்.

வடவாறு
‘ஷ்பீகல்’ (1978) தாராளமாக வாசிக்கலாம். 4 கட்டை சுருதி (கீபோர்டில் F). வயலினை வழக்கம்போல ச-ப-ச-ப கூட்டிக்கொள்ளலாம். வயலினின் வீடு காந்தாரம். முதல் சொற்கட்டு ரி-க, அடுத்தது ம-க, பிறகு சுரம் கூடிக்கூடி ஒவ்வொரு முறையும் காந்தாரத்துக்கே திரும்பும்.

சிக்கலும் அந்தக் காந்தாரத்தில்தான். தம்பூராவின் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்), கீபோர்டில் 400. நம் காதுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் விரலை வைத்தால் கீபோர்டோடு அலையடிக்கும். அதனால் எலெக்ட்ரானிக் தம்பூராவை நிறுத்திவிட்டு, கீபோர்டின் காந்தாரத்தை மட்டும் கேட்டு விரலை ஒரு மயிரிழை மேலே வையுங்கள். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகக் கூடாது. வில்லை நுனியில் திருப்பும்போது அழுத்தம் கூடினால் நீண்ட சுரம் இரண்டாக உடைந்து கேட்கும்.

கீபோர்டில் தாளத் துணையை அணைக்கவும். சஸ்டெயின் பெடல் கட்டாயம், 88 விசை இருந்தால் நல்லது. பியானோக்காரர் உணர்ச்சி காட்டி வேகத்தை இழுத்தால் எல்லாம் கெட்டுவிடும். ஒரே நடை, ஒரே அழுத்தம்.

அரசலாறு (கும்பகோணம்)
மிக்க நன்றி. தம்பூரா ஏற்பாடு செய்தாகிவிட்டது. பேர்ட்டின் ‘ஃப்ராத்ரேஸ்’ சேர்க்கலாமா?

குடமுருட்டி (திருவையாறு)
சேருங்கள், நடுவில். அடியில் ச-ப ஓயாமல் ஒலிக்கும், அதுவே கேட்பவர்களுக்குத் தெம்பு. மேலும் கீழும் உள்ள குரல்கள் வகுளாபரண ராகத்தின் சுரங்களில் (அதில் அந்தர காந்தாரம்) நடக்கும், நடுக்குரலோ சாதாரண காந்தாரத்தை விடாது. இரண்டு காந்தாரமும் மோதும் இடத்தைக் கை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ‘கான்டுஸ்’ கடைசியில் இருக்கட்டும். மணி முழுக்க அடங்கும்வரை யாரும் கை தட்ட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.