புதுப்பிப்பு: வின்னிடம் குணப்படுத்தும் பொறுப்பை ஒப்படைத்த பிறகு

‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009) விளையாட்டில் நான் கள்வன் வகைப் பாத்திரத்தைத் தேர்ந்தால், குணப்படுத்தும் வேலையை மந்திரவாதியான வின்னிடம் முழுமையாக விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், தாராளமாக விடலாம். வின் போன்ற துணைப் பாத்திரங்களை இயக்கும் செயற்கை நுண்ணறிவு, நாம் வரிவரியாக அமைத்துத் தரும் நிபந்தனைகளை மேலிருந்து கீழாகச் சரிபார்த்து, முதலில் பொருந்துவதையே செயல்படுத்துகிறது. தாக்குதல் வரிகள் மேலே இருந்தவரை மனா (மந்திரங்களுக்குத் தேவையான ஆற்றல்) முழுவதையும் எதிரிகள்மீதே செலவழித்துக்கொண்டிருந்த வின் (பாட்டியம்மாவுக்கு அவ்வளவு கோபம்!), தோழரின் உயிர்நிலை 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் குணப்படுத்த வேண்டும் என்ற வரியை முதலிடத்துக்கு நகர்த்தியதும் பொறுப்பான மருத்துவராகிவிட்டார். கதைத் தேர்வுகளில் அவரை இப்படி வழிநடத்த முடியாது: கதையில் மக்கள் வணங்கும் ஆண்ட்ரஸ்டேயின் புனிதச் சாம்பலைக் களங்கப்படுத்தினால், உடனிருக்கும் வின் நம்மையே எதிர்த்துப் போரிடுவார். எனவே அந்தத் தேர்வை நான் தவிர்த்துவிட்டேன்.