மைக்ரோ ஆர்என்ஏ ரத்த டெஸ்ட், அப்பச்சிக்கு எடுக்கலாமா?

தேவகோட்டைப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல ஒரு கேம்ப்ல நோட்டீஸ் குடுத்துருக்காக, ஒரே ஒரு ட்யூப் ரத்தம் போதும், மைக்ரோ ஆர்என்ஏ பாத்து எந்த கேன்சரா இருந்தாலும் ஆரம்பத்துலயே சொல்லிருவோம்னு போட்டுருக்கு. விலை ஜாஸ்திதான், பரவால்ல, ஆத்தா ரொம்ப பயந்து போயிருக்காக. அப்பச்சிக்கு அறுபது தாண்டிருச்சு, சின்ன வயசுலேருந்து வெத்தல பாக்கு புகையில, புகையிலைய விட்டு வருசமாச்சு ஆனா பாக்கு மட்டும் விடல. இப்பல்லாம் வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச்சட்னி தொட்டாலே வாய் எரியுதுன்னு சீனி தொட்டு சாப்புடுறாக, அது வயசானதாலன்னு நெனைக்கிறேன். இந்த டெஸ்ட் நெசமாவே வேலை செய்யுமா, வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

லேப்காரன் காரைக்குடி

தம்பி, மைக்ரோ ஆர்என்ஏ-ங்கறது பொய் இல்ல. சுமார் 22 எழுத்து, அதாவது 22 கண்ணி நீளம் மட்டுமே உள்ள குட்டி ஆர்என்ஏ, புரதம் செய்யச் சொல்லி ஜீன்லேருந்து வர்ற தூது ஆர்என்ஏ மேல போயி ஒட்டிக்கிட்டு அந்த உற்பத்திய கொறச்சு வைக்கும். 1993-ல ஒரு சின்னப் புழுவுல மொதல்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ரெண்டு பேருக்கும் 2024-ல நோபல் கெடச்சுது. 2002-ல ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ல மிர்-15, மிர்-16ன்னு ரெண்டு மைக்ரோ ஆர்என்ஏ இருக்க வேண்டிய எடமே பல நோயாளிகளுக்கு அழிஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சப்பறம்தான் கேன்சர் ஆளுங்க இந்தப் பக்கம் திரும்பினாங்க.

சாதாரணமா ஆர்என்ஏ ரத்தத்துல வந்தா அங்க இருக்குற என்சைம் உடனே அத நறுக்கிப் போட்டுரும், ஆனா இது மட்டும் கொழுப்புப் பைக்குள்ளயோ புரதத்தோட ஒட்டிக்கிட்டோ பத்திரமா சுத்திட்டு இருக்கும், 2008-ல இது தெரிய வந்ததுலேருந்துதான் ரத்தத்துலயே கேன்சர பாத்துரலாமேன்னு உலகம் பூரா ஆராய்ச்சி பெருகிச்சு.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். ரொம்ப பேசப்படுற மிர்-21 கிட்டத்தட்ட எல்லா கேன்சர்லயும் கூடும், ஆனா அழற்சி இருந்தாலும் கூடும், இதய நோய்லயும் மாறும், அதனால அது கூடியிருக்குன்னு மட்டும் வச்சு எந்த உறுப்புல என்னன்னு சொல்ல முடியாது. அடுத்தது ரத்தம் எடுக்குற விதம். சின்ன ஊசி போட்டு வெடுக்குன்னு இழுத்தா சிவப்பணு ஒடஞ்சு மேல நிக்கிற பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி, வைக்கோல் நெறத்துல இல்லாம இளஞ்சிவப்பா ஆயிரும், அந்த சிவப்பணுக்குள்ள மிர்-451, மிர்-16 ரெண்டும் எக்கச்சக்கமா இருக்கு, அது கலந்துட்டா கணக்கே மாறிப்போகும். ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி ட்யூப்ல எடுத்தா, இத பெருக்கி அளக்குற பிசிஆர் முறையே சரியா ஓடாது. ரெண்டு லேப் ஒரே ஆளு ரத்தத்த பாத்து வேற வேற முடிவு குடுக்குறது இதுல சகஜம், ஏன்னா எத அளவுகோலா வச்சு ஒப்பிடணும்னு இன்னும் ஒரு பொது முடிவு வரல.

நல்லா வேலை செய்யற எடமும் இருக்கு, அதையும் சொல்லணும்ல. விதைப்பை கேன்சருக்கு மிர்-371, இப்ப இருக்குற பழைய ரத்த டெஸ்டுகள விட நல்லாவே கண்டுபிடிக்குது, டெரடோமாங்கற வகைய மட்டும் விட்டுரும். ஒரு உறுப்பு, ஒரு கேள்வின்னு கேட்டா இது பதில் சொல்லும். "எந்த கேன்சரும்"னு நோட்டீஸ்ல போட்டா நான் நம்ப மாட்டேன்.

சிக்ரி பக்கம்

ஒரு சந்தேகம் அண்ணே, நம்ம ஊரு சிக்ரில, அதான் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல எல்லாம் எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் பண்றாகளே, சுகர் மெஷின் மாதிரி ஸ்ட்ரிப்ல வச்சு இதப் பாக்க முடியாதா?

லேப்காரன் காரைக்குடி

உலகத்துல பல எடத்துல முயற்சி நடக்குது தம்பி. ரத்தத்துல சுகர் மில்லிமோலார் அளவுல இருக்கு, இது ஃபெம்டோமோலார் வரைக்கும் எறங்கும், அதாவது கோடி மடங்கு, லட்சம் கோடி மடங்கு கம்மி. அதுவும் ஒரே ஒரு எழுத்து மட்டும் வித்தியாசப்படுற அண்ணன் தம்பி மிர் எல்லாம் இருக்கு, அதுகளப் பிரிச்சுப் பாக்கணும்.

பல் டாக்டர் ஆச்சி

தம்பி நீங்க டெஸ்ட பத்தி கேட்டுட்டு முக்கியமானத ஓரமா எழுதிட்டீங்க. காரம் பட்டா எரியுதுன்னா, அதுவும் பாக்கு போடுறவுகளுக்கு, அத வயசுன்னு விடக்கூடாது. அப்பச்சிய வாயத் தொறக்கச் சொல்லி அவுகளோட மூணு விரல நேரா அடுக்கி பல்லுக்கு நடுவுல வைக்கச் சொல்லுங்க. போகலன்னா கன்னத்துக்குள்ள மேல் சவ்வுக்கு அடியில நார் மாதிரி இறுகியிருக்கலாம், சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு, சில பேருக்கு பின்னாடி கேன்சரா மாறும். கன்னத்துல, நாக்கு ஓரத்துல வெள்ளையாவோ செவப்பாவோ படை, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருந்தா உடனே காட்டணும்.

புகையில விட்டாச்சு வெறும் பாக்குதானன்னு நம்ம பக்கம் நெறைய பேரு சொல்றாக, விசேஷ வீட்டுல தட்டு நீட்டினா நாமளும் எடுத்துக்கறோம். பாக்கே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே அறிவிச்சுருச்சு, அதுல புகையிலை இல்லாட்டியும்.

எச்சில்ல மிர்-125ஏ, மிர்-200ஏ வாய் கேன்சர் நோயாளிகளுக்கு கம்மியா இருந்துச்சுன்னு 2009-ல ஒரு ஆய்வு வந்துச்சு, எனக்கும் அதுல ரொம்ப ஆசை, ஊசி இல்லாம பாக்கலாமே. ஆனா இன்னைக்கு தேதிக்கு வாய் கேன்சருக்கு வெளிச்சம் போட்டுப் பாக்குறதும், சந்தேகம் இருந்தா துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புறதும்தான். அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுல காசு இல்லாமலே பாப்பாக.

தேவகோட்டைப் பையன்

ஆச்சி, இப்பதான் பாத்தேன், ரெண்டு விரலுக்கு மேல போகல. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன், கேம்ப் டெஸ்ட் வேணாம். போகும்போது எதாச்சும் எடுத்துட்டுப் போகணுமா?

பல் டாக்டர் ஆச்சி

நல்லதுப்பா. காலைல பாக்கு போடாம, வாய நல்லா கொப்புளிச்சுட்டு கூட்டிட்டுப் போங்க, கறை இருந்தா படை கண்ணுக்குத் தெரியாது. பல்செட் இருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க, கழட்டிட்டு ஈறையும் பாக்கணும். எத்தன வருசமா பாக்கு, ராத்திரி அடக்கிக்கிட்டு தூங்குவாகளா, எந்தக் கன்னத்துல, இதெல்லாம் டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. சுகர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாச்சும் சாப்புடுறாகன்னா அந்தச் சீட்டும் வேணும், பயாப்ஸி எடுக்கணும்னா கேப்பாக.