பேச்சு எபிரேயத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகி

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். செவிலியர் படிப்பை முடித்த நான், இஸ்ரேலில் வீட்டோடு தங்கி முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு நான்கு மாதத்தில் புறப்படவிருக்கிறேன். 22 எழுத்துகளையும் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிவிட்டேன். ஆனால் அச்சில் உயிர்க்குறிகளை விட்டுவிடுவதால், முன்பே தெரியாத சொல்லை ஒலிக்க முடியவில்லை. மேலும், அங்கே வேலை பார்க்கும் என் மதினி அலைபேசியில் சொல்லும் பேச்சுச் சொற்களில் பல என் பாடநூலில் இல்லவே இல்லை. எவற்றை முதலில் கற்க வேண்டும், எவற்றைப் பெரியவர்களிடம் தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: தூத்துக்குடி மாவட்ட நாசரேத்திலிருந்து, இஸ்ரேலில் ஏழாண்டு பணிபுரிந்த ஓர் அக்கா

அன்புத் தங்கச்சி, நம் பக்கத்து ஆலயங்களிலும் வீடுகளிலும் கேட்டு வளர்ந்த பெயர்களிலிருந்தே தொடங்கு. பெத்லகேம் என்பது 'பெய்த் லெஹெம்', அதாவது அப்பத்தின் வீடு. 'லெஹெம்' இன்றும் கடையில் வாங்கும் ரொட்டிதான். அதே 'பெய்த்' சேர்ந்து 'பெய்த் ஸேஃபெர்' என்றால் நூலின் வீடாகிய பள்ளி. 'பெய்த் ஹோலிம்' என்றால் நோயாளிகளின் வீடாகிய மருத்துவமனை. ரபேல் என்னும் பெயருக்குள் இருக்கும் குணமாக்குதலின் வேரிலிருந்தே மருத்துவரைக் குறிக்கும் 'ரோஃபே' வருகிறது. நலமடைய வாழ்த்தும் 'ரெஃபுவா ஷ்லேமா'வும் அதே வேருடையது.

உன் வேலைக்கு இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. 'கோஏவ் லி ஹரோஷ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'வலிக்கிறது, எனக்கு, தலை' என்று வரும். 'கர் லி' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'ஹம் லி' என்றால் எனக்குப் புழுங்குகிறது. 'நான் குளிர்' என்பதுபோலச் சொல்லித் தடுமாறும் பிறமொழியினர் பலரைப் பார்த்திருக்கிறேன். நமக்கோ அந்த 'எனக்கு' தாய்மொழியிலேயே இருக்கிறது. ஆகவே உடல்நிலை பற்றிய வாக்கியங்களைத் தமிழில் நினைத்தே கட்டலாம்.

இடறும் இடமும் உண்டு. தமிழில் 'நான்', 'நீ' என்பவற்றின் வினைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. எபிரேய நிகழ்கால வினைக்கு உண்டு. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு நீ 'அனி ரோத்ஸா' என்பாய், உன் அண்ணன் 'அனி ரோத்ஸே' என்பான். 'நீங்கள்' என்னும் மரியாதைப் பன்மையும் அன்றாடப் பேச்சில் இல்லை. எண்பது வயதுப் பாட்டியையும் ஒருமையில் விளிப்பதற்கு எனக்கு மாதக்கணக்கில் நா கூசியது. பாட்டிக்கு 'ஸவ்தா', தாத்தாவுக்கு 'ஸபா' என்று உறவுச்சொல் சேர்த்தேன், கூச்சம் தணிந்தது.

மறுமொழி: வள்ளியூர் வாசகர்

பேச்சு வழக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நூற்றாண்டுக் கணக்கில் வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்த எபிரேயம், 1881-இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெஹூதா போன்றோரின் விடாமுயற்சியால்தான் மீண்டும் வீட்டுப் பேச்சாயிற்று. நீண்ட காலம் தெருவில் புழங்காத மொழியாதலால், தெருச் சொற்களை அண்டை அயலிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது. 'நல்லது, ஆகட்டும்' என்னும் 'ஸபாபா'வும், 'வா, போவோம்' என்னும் 'யல்லா'வும் அரபியிலிருந்து வந்தவை. குழப்படியைக் குறிக்கும் 'பலகான்' ருஷ்ய மொழி வழியாக வந்தது.

நேர்ப்பொருளை நம்பக் கூடாத தொடர்களும் உண்டு. 'அல் ஹபானீம்' என்றால் 'முகத்தின் மேல்'. கருத்தோ மிக மோசம் என்பது. 'ஹவால் அல் ஹஸ்மான்' என்பது நேரம் வீணாகிறதே என்று இரங்கும் தொடர். ஆனால் நாம் 'பயங்கர ருசி' என்று பாராட்டுவதைப் போல, அதைச் சொல்லி உணவையும் பாட்டையும் புகழ்வார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டே பொருள் கொள்ள வேண்டும்.

முதியவர் கட்டிலிலிருந்து எழும்போது 'யல்லா' என்று சொல்லாதீர்கள், விரட்டுவது போலிருக்கும். 'லெஅத் லெஅத்' என்று சொல்லுங்கள். நம் 'மெல்ல மெல்ல' அதுவே. சொல் இரட்டிப்பதுகூட ஒன்றுதான்.

மறுமொழி: திசையன்விளை ஆசிரியர்

ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களை வேதாகமம் 'துக்கீம்' என்கிறது. அது நம் 'தோகை'யிலிருந்து வந்ததென்று, எங்களுக்கு அருகிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரும் எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. மயிலுக்கு 'தவாஸ்' என்று சொன்னால்தான் புரியும்.